மெதுவண்டியில் கிடைத்த இளைப்பாறல்

பயணக் கட்டுரை என்றவுடன் அன்பர்கள் காசியையோ காஷ்மீரத்தையோ எதிர்பார்ப்பது இயல்பு. இன்று நாம் அழைத்துச் செல்லவிருக்கும் பயணம் மிகச் சிறியது. மும்பைக் கோட்டைப் பகுதியிலிருந்து டோம்பிவிலி வரை, ஏறத்தாழ 48 கிலோமீட்டர். சீசன் டிக்கெட் ஒன்றிருந்தால் போதும். மூட்டை முடிச்சு வேண்டியதில்லை. நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர் நாள்தோறும் செல்லும் வழிதான் இது. ஆயினும், அன்றாடம் செல்லும் வழியை நாம் ஊன்றிப் பார்ப்பதில்லை. நாமும் பல ஆண்டுகள் பார்த்ததில்லை.

நம் வீட்டில் பொழுது புலர்வது காலை நாலரை மணிக்கு. குழாயில் நீர் வரும் ஓசை கேட்டதும் எழுந்து, குடங்களை நிரப்பி, டிகாக்ஷன் இறக்கி, பால் காய்ச்சி, குக்கரை அடுப்பிலேற்றி, நால்வருக்கு மதிய உணவு கட்டி, மாமியாருக்கு மருந்து எடுத்து வைத்து, வாசலில் இரண்டு இழை கோலமிட்டுக் கிளம்பும்போது மணி எட்டாகியிருக்கும். மாலையில் திரும்பியதும் இரண்டாம் ஆட்டம் தொடங்கும். வீட்டு வேலைக்கு வந்து உதவும் சகோதரி ஒருத்தியும் உண்டு. அவளும் தன் இல்லத்தில் இதே பாட்டைப் பட்டுவிட்டுத்தான் நம் இல்லத்துக்கு வருகிறாள். வேலைக்குச் செல்லும் தாய்மார் எவருக்கும் இவ்வட்டவணை புதிதன்று. இதில் இளைப்பாறும் நேரம் எங்கே என்று வினவினால், முன்னாளில் நாம் விடையின்றி விழித்திருப்போம். இந்நாளில் ஒரு விடை உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

மாலை ஆறு மணிக்குச் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸுக்கு வாருங்கள். 1888-இல் கட்டி முடிக்கப்பெற்ற இம்மாளிகை, விக்டோரியா டெர்மினஸ் என்னும் பெயரோடு நெடுங்காலம் விளங்கியது. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. உலகெங்கிலுமிருந்து வருவோர் அதன் கோபுரத்தையும் கல்லிற் செதுக்கிய மயில்களையும் அண்ணாந்து நோக்குவர். நாமோ அறிவிப்புப் பலகையைத்தான் அண்ணாந்து நோக்குவோம். விரைவு வண்டி எது, மெதுவண்டி எது என்பதே நம் கவலை.

விரைவு வண்டியிற் சென்றால் ஒரு மணி நேரத்தையொட்டி வீடு வந்து சேரலாம். ஆனால் அதில் ஏறுவதே ஒரு மல்யுத்தம். மெதுவண்டிக்குக் கால் மணிக்கு மேலும் கூடுதலாகும். 22 நிலையங்களில் நின்று 23-ஆவதாகவே டோம்பிவிலியை அடையும். பல்லாண்டுகள் விரைவு வண்டியிலேயே நின்றுகொண்டு சென்றோம். அந்தக் கால் மணியை மிச்சப்படுத்தினால் குழம்பு ஒன்று கொதித்துவிடுமே என்பது நம் கணக்கு. ஒருநாள் முழங்கால் வலி தாளாமல் மெதுவண்டியில் ஏறினோம். சாளரத்தருகே இடம் கிடைத்தது. அன்றிலிருந்து கணக்கை மாற்றிக்கொண்டோம்.

மகளிர் பெட்டி ஒரு தனி உலகம். ஒருத்தி கீரை ஆய்வாள். ஒருத்தி பட்டாணி உரிப்பாள். ஒருத்தி கண்மூடி ஸஹஸ்ரநாமம் முணுமுணுப்பாள். ஹேர்பின்னும் வளையலும் விற்கும் பெண் கூட்டத்தினூடே நழுவிச் செல்வாள். நாங்கள் ஐவர் ஒரு குழு. மராத்தி ஆசிரியை ஒருவர், குஜராத்தி வங்கி ஊழியர் ஒருவர், நாகர்கோவில் பக்கத்துச் செவிலியர் ஒருவர், பாலக்காட்டு அம்மாள் ஒருவர், நாம் ஒருவர். பேசும் நாளில் பேசுவோம். பேசாத நாளில் எவரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்தக் கேளாமைதான் எத்துணை இதம்!

மூவர் அமரும் இருக்கையில் நான்காமவர் விளிம்பில் ஒட்டிக்கொள்வது இந்நகரத்தின் எழுதாச் சட்டம். அதனினும் உயர்ந்த வழக்கமொன்று எங்கள் பெட்டியில் உண்டு. நின்றுகொண்டிருப்பவர், அமர்ந்திருப்பவரைப் பார்த்து, “குடே உதர்ணார்?” என்று மராத்தியிற் கேட்பார். எங்கே இறங்குவீர்கள் என்பது பொருள். முலுண்ட் என்றால் முலுண்டிலிருந்து அவ்விடம் இவருக்கு. நெடுந்தூரம் செல்வோராயினும், பாதி வழியில் தாமே எழுந்து, “நீங்கள் சற்று உட்காருங்கள்” என்று இடம் தருவோர் பலர். நேற்றுவரை முகமறியாதவருக்குச் செய்யும் உதவி இது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

வண்டி மஸ்ஜித், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, பைகுல்லா என்று ஒவ்வொரு நிலையத்திலும் நின்று செல்கிறது. பரேல் வட்டாரத்தில் ஒருகாலத்தில் ஆலைப் புகைபோக்கிகள் வரிசையாய் நின்றன. 1982-ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின. இன்று அவ்விடங்களில் வானளாவிய மாடங்கள். தாதரில் கடலலை போலக் கூட்டம் புகும். அடுத்தது நம்மவர் நெஞ்சுக்கு நெருங்கிய மாட்டுங்கா.

1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் சூறையாடியது. அதன்பின் 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், நெரிசலின்றி மக்கள் வாழவேண்டுமென்று திட்டமிட்டு வகுத்த பகுதிகளில் மாட்டுங்காவும் ஒன்று. அகன்ற வீதிகளும், மர நிழலும், அருகே ஐந்து தோட்டங்களும் அத்திட்டத்தின் கொடை. தென்னாட்டுக் குடும்பங்கள் இங்கே திரளாகக் குடியேறின. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 2017 முதல் மாட்டுங்கா நிலையத்தை முழுதும் பெண் ஊழியரே நடத்துகின்றனர் என்பதும் நாம் மகிழத்தக்க செய்தி. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நாம் இங்கே இறங்குவதுண்டு. இரண்டு முழம் மல்லிகை வாங்கி, ஆஸ்திக சமாஜக் கோயிலில் பத்து நிமிடம் அமர்ந்து, அடுத்த வண்டியைப் பிடிப்போம். நம் மாமியார் மணமாகி வந்து குடித்தனம் தொடங்கியது இப்பகுதியில்தான். வாடகை ஏற ஏற, நம்மவர் பலரைப் போல நாமும் செம்பூர், முலுண்ட் எல்லாம் தாண்டி டோம்பிவிலிக்குச் சென்றுவிட்டோம்.

மாட்டுங்காவுக்கும் சயனுக்கும் இடையே மேற்கில் தாராவி. அங்குள்ள நம்மவர் பலர் விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் கொண்டுசென்று விற்பவர்கள். நாலரை மணிக்கு எழுவதாக நாம் பெருமூச்செறியும் வேளையில், அங்கே ஒரு தாய் முதல் ஈடு இறக்கியிருப்பாள். அதை எண்ணும்போது நம் பெருமூச்சு சற்று நாணமடையும்.

தாணே கடந்து உப்பங்கழிப் பாலத்தின்மேல் வண்டி ஏறும்போது குளிர்ந்த காற்று வீசும். வலைப்படகுகள் இருளில் அசையும். மும்ப்ரா மலையின்மேல் அம்மன் கோயில் விளக்கு தெரியும். நாள் முழுவதும் யாரேனும் அழைத்த வண்ணமிருக்கும் நம் பெயரை, அந்த இருபது நிமிடம் எவரும் அழைப்பதில்லை.

ஒரு ஜூலை மாதத்து மழையிரவில் அவ்வமைதியே வினையாயிற்று. முதல்நாள் முழுதும் மாமியாருக்குக் காய்ச்சல்; நமக்கு உறக்கமில்லை. தாணேயில் கண்ணை மூடியவர்கள், “கல்யாண் வந்துவிட்டது” என்று யாரோ தோளைத் தட்டியபோதுதான் விழித்தோம். கைப்பேசி உயிரற்றுக் கிடந்தது. மழையினால் திரும்பும் வண்டிகள் தாமதம். நெஞ்சு படபடக்க வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை.

வாசலிலேயே மகள் நின்றிருந்தாள். அழுத முகம். “அம்மா, எங்கே போனீர்கள்? அப்பா ஸ்டேஷனுக்குப் போய் இரண்டு மணி நேரமாகிறது” என்றாள். அவர் நனைந்து வந்து சேர்ந்தார். கோபிப்பார் என்று எண்ணினோம். அவரோ ஒன்றும் பேசாமல் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். உறங்கிவிட்டோம் என்று சொல்ல நமக்கு வெட்கம், சொன்னோம். சற்று நேரம் கழித்து, “இவ்வளவு களைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே” என்றார். அச்சொல் நமக்கு ஆறுதலாகவும் இருந்தது, சினமாகவும் இருந்தது. ஒரே வீட்டில் பதினெட்டு ஆண்டுகள்!

உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. “அவளை வையாதே அப்பா. மாட்டுங்காவில் இருந்தபோது நான் தினமும் கோயில் தூணில் சாய்ந்து அரைமணி தூங்குவேன். உன் அப்பா அதைப் பக்தி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.”

அனைவரும் நகைத்தோம். நகைத்து முடிந்தபின் நமக்கு ஓர் எண்ணம் உறைத்தது. இரு தலைமுறைப் பெண்கள் வீட்டுக்கு வெளியேதான் கண்ணயர்ந்திருக்கிறோம். அவர் தூணில், நாம் வண்டியில். முகமறியாதவர்கள் நம்மைக் கண்டு எழுந்து இடம் தருகின்றனர், ஏனெனில் நாம் நிற்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டிலும் நாம் நின்றுகொண்டேதான் இருந்தோம். அது எவர் கண்ணுக்கும் தெரியவில்லை, நாமும் “எங்கே இறங்குவீர்கள்?” என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இது நம் ஒரு வீட்டுக் கதையன்று. அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமில்லா வீட்டுப்பணியில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024-இல் இது முறையே 289, 88 என்றாயிற்று. பெண்டிருக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று மகிழ்வதற்குள், ஆடவரும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டனர்!

மறுநாள் ஞாயிறு. காப்பி குடித்தவாறே ஐவரும் அமர்ந்து ஓர் உடன்பாடு செய்தோம். மாலைச் சிற்றுண்டி அவர் பொறுப்பு. விளக்கேற்றுவதும் பாட்டிக்கு மருந்து கொடுப்பதும் மகள் பொறுப்பு. காலையில் நீர் பிடிப்பது மகன் பொறுப்பு. நாம் வீடு திரும்பியபின் அரைமணி நேரம் பால்கனி நாற்காலி நமக்கே உரியது. வீடு தீப்பற்றினாலன்றி எவரும் அழைக்கலாகாது.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. முதல் வாரத்துத் தோசைகள் மகாராஷ்டிர மாநில வரைபடம் போல இருந்தன. இரண்டு நாள் குடங்கள் நிரம்பவில்லை. தேர்வுக் காலம் வந்தபோது உடன்பாடு முழுதும் குலைந்து, பழைய பாரம் நம் தலைமேல் ஏறியது. பழக்கதோஷத்தால், நாற்காலியில் அமர்ந்தபடியே “உப்புப் போட்டீர்களா?” என்று நாமே குரல் கொடுத்துக் கெடுத்த நாட்களும் உண்டு. ஓய்வெடுப்பதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தேர்வு முடிந்ததும் மகனே குடத்தை எடுத்துக்கொண்டு சென்றான், எவரும் நினைவூட்டவில்லை.

இன்றும் நாம் மெதுவண்டியில்தான் வருகிறோம். அலாரம் வைத்துக்கொண்டு கண்ணயர்கிறோம். பாலத்துக் காற்றும், பின்னர்ப் பால்கனி நாற்காலியும் நமக்குக் கோடைவாசத் தலங்கள். அன்பர்களே, இன்று மாலை உங்கள் இல்லத்தில் யார் நின்றுகொண்டிருக்கிறார் என்று ஒருமுறை நோக்குங்கள். சகோதரிகளே, நீங்கள் நிற்பதை வாய்திறந்து சொல்லுங்கள். முகமறியாதவர்கள் எழுந்து இடம் தரும் ஊரில் வாழ்கிறோம். நம் வீட்டார் தர மாட்டார்களா?