அசுரன் எலும்பு

குச்சனூர்ச் சனீசுவரர் சுயம்பு மூர்த்தி. அந்தக் கல் வளர்ந்துகொண்டே இருப்பதாகவும், வளர்ச்சியை அடக்கவே மஞ்சள் காப்புச் சாத்துவதாகவும் சொல்வார்கள். ஓர் ஆடிச் சனிக்கிழமை, எள் தீபம் ஏற்றிவிட்டுச் சுரபி நதிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். தங்கை மகன் கேட்டான்:

"மாமா, மனிதனைப் பிரம்மா படைத்தார் என்கிறாள் அம்மா. டார்வின் வேறு மாதிரி சொல்கிறாரே! எது நிஜம்?"

"டார்வின்தான் நிஜமென்றால் நாம் சாமி கும்பிடுவது பொய்யா, அண்ணே?" என்றாள் தங்கை. அவள் குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது.

நான் திருவக்கரையைப் பற்றிச் சொன்னேன். விழுப்புரம் மாவட்டத்திலுள்ள அவ்வூரில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வெள்ளம் அடித்து வந்து மண்ணில் புதைத்த மரங்கள் அவை. கணுவும் நரம்பும் மாறாமல் மரம் கல்லாகிவிட்டது. திருமால் வக்கிராசுரனை வதைத்த தலம் என்பார்கள் அவ்வூரை; கல்மரங்களெல்லாம் அசுரரின் எலும்புகள் என்று ஊரில் ஒரு கதை உண்டு.

அந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. 'இது வெறும் கல்லல்ல, ஒரு காலத்தில் உயிரோடிருந்தது' என்று கண்டுகொண்ட கண் சாமானியமான கண்ணா? ஊகம்தான் தவறு, பார்வை சரி. ஆராய வந்தவர்களையும் கதை தடுக்கவில்லை. இன்று கோயிலும் இருக்கிறது, கல்மரப் பூங்காவும் இருக்கிறது.

கதை கணக்காக மாறும்போதுதான் வம்பு. 1650இல் அயர்லாந்துப் பேராயர் அஷர், உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று எழுதினார். புதைபடிவங்களெல்லாம் நோவா காலத்துப் பிரளயத்தில் மாண்டவை என்று வாதிப்பவர்கள் அமெரிக்காவில் இன்றும் உண்டு. ஆனால், நம் அத்திரம்பாக்கத்துக் கற்கோடரிகளுக்கே வயது சுமார் 15 லட்சம் ஆண்டு!

நம்மவர்களும் சளைத்தவர்களல்லர். குரங்கு மனிதனானதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் சொல்லவில்லை, ஆகவே டார்வின் சொன்னது தவறு என்று 2018இல் மத்திய இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங் பேசினார். நேரில் பார்த்த சாட்சி வேண்டுமென்றால் சுயம்புவுக்கும் அல்லவா சாட்சி கேட்க நேரும்? பக்தி அப்படிக் கேட்பதில்லை. அதனால் அது குறைந்தும் போவதில்லை.

என் கவலை வேறு. 2023இல் மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டார்கள். பிள்ளை இரண்டையும் கேட்டுக் குழம்பலாம். குழப்பம் ஒருநாள் தெளியும். கேட்கவே வழியில்லாத பிள்ளைக்கு எது தெளியும்?