ஓநாய் நாய்க்குச் சங்கம்... பட்டி நாய்க்கு யார்?

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் மலைப் பாதையில் இருக்கிறது நாட்றாம்பாளையம். ராகியும் அவரையும் விளையும் மானாவாரி பூமி. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் காடு. ஆடு, மாடு இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பட்டி என்று ஒன்று இருந்தால், அதன் வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும் பகுதி இது. ஓநாயைக் கன்னடக்காரர் 'தோளா' என்பார். தெலுங்குக்காரர் 'தோடேலு' என்பார். எந்த மொழியில் சொன்னாலும் ஆட்டுக்காரருக்கு அது எதிரியின் பெயர். அந்த எதிரியையே வீட்டில் கட்டி வளர்க்க வேண்டும் என்ற ஆசை இப்போது செல்போன் வழியாக ஊருக்குள் வந்திருக்கிறது.

ஓசூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெங்களூரில், ஓநாய்க் கலப்பு நாய் ஒன்றை 50 கோடி ரூபாய்க்கு ஒருவர் வாங்கியதாக 2025-ம் ஆண்டு தொடக்கத்தில் செய்தி பரவியது. வீடியோ பார்த்த இளைஞர்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு அமலாக்கத் துறை விசாரித்தபோது, அப்படி ஒரு வியாபாரமே நடக்கவில்லை என்று தெரியவந்ததாகச் செய்தி வந்தது. முதல் செய்தியைப் பார்த்தவர்களில் பாதிப் பேர்கூட இரண்டாவது செய்தியைப் பார்த்திருக்க மாட்டார்கள். 'ஓநாய் நாய்க்குட்டி எங்கே கிடைக்கும்?' என்ற கேள்வி மட்டும் ஊருக்குள் தங்கிவிட்டது.

அந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம்.

ஓநாய் நாய் எங்கிருந்து வந்தது?

உலகில் முறையாகப் பதிவு பெற்ற ஓநாய் நாய் இனங்களில் இரண்டு பிரபலமானவை. நெதர்லாந்தைச் சேர்ந்த லேண்டர்ட் சார்லோஸ் என்பவர் 1930-களில் ஜெர்மன் ஷெப்பர்டு நாயையும், ரோட்டர்டாம் விலங்குக் காட்சி சாலையில் இருந்த பெண் ஓநாயையும் இணைசேர்த்தார். நோய் தாங்கும், வேலைக்கு உதவும் நாய் கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு. கிடைத்ததோ, புது ஆளைப் பார்த்தால் ஒதுங்கிப் போகும் கூச்சமான நாய். 1969-ல் அவர் இறந்த பிறகு, 1975-ல்தான் அதைத் தனி இனமாக ஏற்றார்கள்.

இரண்டாவது, செக்கோஸ்லோவாகியா நாட்டின் எல்லைக்காவல் படைக்காக 1955-ல் தொடங்கிய முயற்சி. கார்பாத்திய மலை ஓநாயும் ஜெர்மன் ஷெப்பர்டும் சேர்ந்து 1958 மே மாதம் முதல் ஈத்துக் குட்டிகள் பிறந்தன. 1982-ல் அந்த நாட்டின் தேசிய இனமாகவும், 1999-ல் உலக அளவிலும் முழு அங்கீகாரம் கிடைத்தது. பல தலைமுறை கழிந்த பிறகும், தனியாக விட்டால் கதவைப் பிராண்டுவது, வேலி தாண்டுவது, கோழியையும் ஆட்டையும் விரட்டுவது போன்ற குணங்கள் அதில் உண்டு. ஆட்டுப்பட்டிக்கு இது எப்படிப் பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. நம் நாட்டு ஓநாய், 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும், வளர்ப்பதும், நாயோடு சேர்ப்பதற்காக அடைத்து வைப்பதும் குற்றம். 2024 மார்ச்சில் மத்திய அரசின் கால்நடைத் துறை, ஆபத்தான நாய்கள் என்று 20-க்கும் மேற்பட்ட இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அந்தப் பட்டியலில் ஓநாய் நாயும் இருந்தது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்கவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. ஆனாலும், நாளைக்கு நாய் ஒருவரைக் கடித்துவிட்டால் பொறுப்பு வளர்த்தவர் தலையில்தான் விழும்.

ஓநாயின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். புனே பக்கத்துப் புல்வெளிகளில் ஓநாயும் தெரு நாயும் கலந்து குட்டி போட்டிருப்பதை, மரபணுவைச் சோதித்து 2023-ல் உறுதி செய்தார்கள். ஏற்கெனவே எண்ணிக்கை குறைந்துவிட்ட ஓநாய் இனம், இப்படிக் கலந்தே கரைந்துபோகும் என்பது ஆய்வாளர்களின் கவலை.

அவர்களிடம் வாங்க வேண்டியது குட்டியை அல்ல

ஐரோப்பாவில் ஓநாய் நாய் வளர்ப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அதனாலேயே சங்கம் வைத்திருக்கிறார்கள். அடிக்கடி கூடுகிறார்கள். கூடினால் படம் எடுத்துக்கொண்டு கலைவதில்லை. ஒவ்வொரு நாயின் உயரம், பல் வரிசை, காது, நடை, குணம் எல்லாவற்றையும் அளந்து பதிவேட்டில் எழுதுகிறார்கள். இந்த இரண்டு இனங்களிலும் குள்ளக் குட்டி பிறக்கும் பரம்பரைக் குறை உண்டு. பார்வைக்கு நன்றாக இருக்கும் கடுவனும் பெட்டையும் அந்தக் குறையை மறைவாகச் சுமந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் குட்டியில் வெளிப்படும். ஆகவே, இணைசேர்க்கும் முன்பே சோதித்துப் பார்ப்பதை வழக்கமாக்கி வருகிறார்கள். குறைந்த நாய்களை வைத்துக்கொண்டு ஓர் இனத்தைக் காப்பாற்ற அவர்கள் கண்ட வழி இது. நாம் கற்க வேண்டியதும் இதைத்தான்.

நம் ஊர் அனுபவமும் அதையே சொல்கிறது. ராஜபாளையம் நாய் என்றால் பால் வெள்ளையும், இளஞ்சிவப்பு மூக்கும் இருக்க வேண்டும் என்று நிறத்துக்காகவே நெருங்கிய சொந்தத்தில் இணைசேர்த்தார்கள். அதனால் காது கேளாத குட்டிகள் பிறப்பது அந்த இனத்தின் தீராத தொல்லையாகிவிட்டது. ஆடு வளர்ப்பவருக்கு இது புதிதல்ல. ஒரே கிடாவை வைத்துக்கொண்டு அதன் மகள், பேத்தி வரை சேர்த்தால் குட்டி சிறுக்கும் என்று தெரிந்துதான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றுகிறோம். ஆட்டுக்குப் பார்க்கும் கணக்கை நாய்க்குப் பார்ப்பதில்லை.

சேர்ந்து வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கர்நாடகாவின் பாகல்கோட் மாவட்டத்து முதோல் நாயை, முதோல் வட்டார விவசாயக் குடும்பங்கள் வளர்த்து வந்தன. பிறகு, பீதரில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழகம் திம்மாபூரில் இதற்கென ஆராய்ச்சி மையம் அமைத்தது. 2016-ல் முதோல் குட்டிகளை ராணுவம் மீரட்டுக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி கொடுத்தது. கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபு வள அமைப்பு முதலில் பதிவு செய்த நாய் இனங்கள் மூன்று: ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல். மூன்றில் இரண்டு தமிழ்நாட்டுக்காரை. கோம்பையும் கன்னியும் இன்னும் ஊர் மக்களின் அக்கறையில்தான் பிழைத்துக்கொண்டிருக்கின்றன.

பட்டி நாய்க்குப் பெயர் வேண்டும்

நாட்றாம்பாளையம், அஞ்செட்டி, உரிகம் பக்கத்துப் பட்டிகளில் காவல் கிடக்கும் நாய்க்கு இனப் பெயர் எதுவும் இல்லை. 'பட்டி நாய்', 'நாட்டு நாய்' என்பதோடு சரி. இந்தப் பகுதியின் ஆலம்பாடி மாட்டுக்காவது, காவிரிக் கரை ஊரின் பெயர் கிடைத்தது; தர்மபுரி மாவட்டத்தில் ஆராய்ச்சி மையமும் வந்தது. அந்த மாட்டோடு காட்டுக்குப் போய், அதன் பக்கத்திலேயே படுத்துக் காவல் காத்த நாயை யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதாவிட்டால் என்ன நஷ்டம்? நகரத்தில் ஆசைக்கு வாங்கிச் சலித்துப்போன சீமை நாய்களைப் பக்கத்துக் கிராமங்களில் விட்டுவிட்டுப் போவது ஓசூர் போன்ற தொழில் நகரங்களைச் சுற்றி நடக்கிறது. அவை பட்டி நாயோடு கலக்கின்றன. இரண்டு, மூன்று தலைமுறையில் வெயில் தாங்காத, ஆட்டை விரட்டுகிற, ராகிக் களியைத் தொடாத நாய்தான் மிஞ்சும். ஆட்டுக்குட்டியோடு வளர்ந்து, சிறுத்தை வாடை பட்டதும் குரல் கொடுக்கும் நாயைத் தேடினால் கிடைக்காது. போனபிறகு மீட்பதற்கு நம்மிடம் ஒரு படம்கூட இருக்காது.

ஆகவே, இங்கே தேவைப்படுவது ஓநாய் நாய் சங்கம் அல்ல. பட்டி நாய் வளர்ப்போர் சங்கம். ஏழு பேர் சேர்ந்தால் போதும். 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிந்துகொள்ளலாம். பதிவதற்கு முன்பு நாலைந்து முறை கூடிப் பார்ப்பது நல்லது. யார் நிலைத்து நிற்பார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

கூட்டம் போடும் முறை

நாய்களை ஒரே இடத்தில் கூட்டுவது விளையாட்டுக் காரியம் இல்லை. சில விஷயங்களில் கண்டிப்பு வேண்டும்.

நேரம்: காலை 7 மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறும் முன் 10 மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஊராட்சியில் சொல்லி அனுமதி வாங்கிய, நிழல் உள்ள இடமாக இருக்கட்டும்.

தடுப்பூசி: வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டை இல்லாத நாய்க்கு அனுமதி இல்லை. தடுப்பூசிகளை முடிக்காத குட்டிகளையும் கொண்டுவரக் கூடாது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு குட்டி கழிந்த இடத்தில் அடுத்த கூட்டத்துக் குட்டி படுத்தாலே போதும்.

கட்டு: ஒவ்வொரு நாயும் உறுதியான கயிற்றில், தனித்தனி மரத்தடியில், ஒன்றையொன்று எட்டாத தூரத்தில். இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெட்டையை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். ஒரு பெட்டை வந்தால் கடுவன்கள் அத்தனையும் சண்டையில் இறங்கிவிடும். தண்ணீர்ச் சட்டியை அவரவரே கொண்டுவரட்டும்.

மருத்துவர்: அரசு கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி, மருத்துவரையோ ஆய்வாளரையோ அழைக்கலாம். ஜூலை 6 விலங்குவழி நோய் தினத்தையும், செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையும் ஒட்டி இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடப்பது வழக்கம். அந்த நாட்களிலேயே கூட்டத்தை வைத்தால் இரண்டு வேலை ஒரே நாளில் முடியும்.

பதிவேடு: சங்கத்தின் உயிர் இதுதான். நாயின் பெயர், நிறம், தோள்பட்டை வரை உயரம், தாய் யார், தகப்பன் யார், எந்தப் பட்டியில் பிறந்தது, ஈத்துக்கு எத்தனை குட்டி, எத்தனை பிழைத்தது, ஆட்டோடு எப்படி நடந்துகொள்கிறது என்று ஒரு நாய்க்கு ஒரு பக்கம். பக்கவாட்டில் நிற்க வைத்து ஒரு படம். தகப்பன் தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுத வேண்டும். அங்கே பொய் எழுதினால் பதிவேடு மொத்தமும் வீணாகிவிடும்.

இணைசேர்க்கை: தாயோடு மகன், அண்ணனோடு தங்கை கூடாது. நாய் வளர்ப்பு, விற்பனைக்கான மத்திய அரசின் 2017-ம் ஆண்டு விதிகள், 18 மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. குட்டி விற்பதைத் தொழிலாகச் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கடுவன்காரருக்குப் பணத்துக்குப் பதில் ஒரு குட்டி கொடுக்கும் பழைய வழக்கத்தைச் சங்கத்திலும் வைத்துக்கொள்ளலாம். குட்டியை வாங்கியவரால் வளர்க்க முடியாமல் போனால் ரோட்டில் விடாமல் சங்கத்திடம் திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது.

வேட்டை வேண்டாம்

நாட்டு நாய்க் கூட்டம் என்றாலே 'முயல் பிடிக்குமா?' என்று கேட்பவர் ஒருவர் இருப்பார். சங்கம் கெட்டுப்போவது அந்த இடத்தில்தான். முயலோ, மானோ, காட்டுப்பன்றியோ, எதை நாய் விட்டுப் பிடித்தாலும் வழக்குதான். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரை 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். வேட்டைக்குப் போகும் ஒரு உறுப்பினரால் சங்கம் முழுவதும் வனத்துறை வாசலில் நிற்க நேரும். விதிப் புத்தகத்தின் முதல் வரியே 'வேட்டைக்கு நாயை விடுபவர் உறுப்பினராக இருக்க முடியாது' என்று இருக்கட்டும்.

காட்டோரத்தில் நாய்த் தடுப்பூசிக்கு இன்னொரு காரணமும் உண்டு. குஜராத்தின் கிர் காட்டில் 2018 செப்டம்பர், அக்டோபரில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தன. அவற்றில் பலவற்றில் டிஸ்டெம்பர் என்ற நாய் நோயின் கிருமி இருந்தது. நம் காட்டில் செந்நாயும் சிறுத்தையும் இருக்கின்றன. பட்டி நாய்க்குப் போடும் ஊசி, பட்டியோடு நிற்பதில்லை; காடு வரைக்கும் பலன் தருகிறது.

தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற குளிர்நாட்டு நாய்களின் இனப்பெருக்கத்துக்குத் தடை போட்டு, நாட்டு இனங்களை வளர்க்கச் சொன்னது. நேரம் சாதகமாக இருக்கிறது. ஓர் இனத்தைத் தனி இனமாகப் பதிவு செய்ய வேண்டும் என்றால் அதன் அடையாளம், எண்ணிக்கை, பரவியிருக்கும் ஊர்கள், வளர்ப்பவர்களின் வழக்கம் எல்லாவற்றுக்கும் விவரம் கேட்பார்கள். அதை வெளியூர்க்காரர் வந்து எழுதித் தர மாட்டார். நாற்பது பக்க நோட்டு ஒன்று, ஒரு அளவு நாடா, செல்போன் கேமரா, சனிக்கிழமையே தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வைக்கும் ஏழு குடும்பங்கள் இருந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே முதல் பக்கத்தை எழுதிவிடலாம்.