அப்பா போனில் திறக்காத என் கட்டுரை!

என் கட்டுரை ஒவ்வொன்றும் வெளியானதும் லிங்க்கை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவேன். பத்தே நிமிடத்தில் அப்பாவிடமிருந்து கட்டைவிரல் வரும். ராத்திரி போன் செய்தால், "படிச்சேன் பாப்பா, நல்லா எழுதியிருக்க" என்பார். அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டார். அதிகம் பேசாத ஆள்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

போன மாதம் கோவில்பட்டிக்குப் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. எங்கள் பெட்டிக்கடையில் கூட்டமில்லாத மதியம். பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் காட்டுவதற்காக அப்பா என் கட்டுரையைத் திறந்தார். வெள்ளைத் திரை. ரொம்ப நேரம் கழித்துத் தலைப்பு வந்தது. படிக்க ஆரம்பிப்பதற்குள் நடுவில் ஒரு விளம்பரம் முளைத்து, எழுத்தெல்லாம் கீழே ஓடியது. அப்பா விரல் வைக்க, விளம்பரம் திறந்துகொண்டது. பின்னால் வந்தால் மறுபடியும் வெள்ளைத் திரை. "நெட்டு இல்ல அண்ணாச்சி" என்று சிரித்தபடி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நெட் இருந்தது.

ராத்திரி கேட்டேன். "என் கட்டுரை எதையாவது முழுசா படிச்சிருக்கீங்களாப்பா?"

"தலைப்பும் போட்டோவும் வாட்ஸ்அப்லயே தெரியுதுல்ல. உள்ள உன் பேரு இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று போன்களைப் பாயில் வரிசையாக வைத்தேன். ஈ.எம்.ஐ-யில் வாங்கிய என் ஐபோன், தம்பியின் 8 ஜி.பி ரேம் ஆண்ட்ராய்டு, அப்பாவின் 2 ஜி.பி ரேம் பழைய போன். மூன்றுக்கும் ஒரே வைஃபை, ஒரே கட்டுரை. அம்மா எண்ணினார். என் போனுக்கு "ரெண்டு". தம்பி போனுக்கு "நாலு". அப்பா போனுக்கு, "பத்தொம்பது... வாய் வலிக்குதுடி!"

நெட் வேகம் ஒன்றுதான். பிறகு ஏன் இப்படி? ஒரு பக்கத்தைத் திறக்கும்போது எழுத்தும் படமும் மட்டும் வருவதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் என்ற கட்டளைகளும் கூடவே வருகின்றன. அவற்றைச் செய்து முடிப்பது போனின் பிராசஸர் வேலை. விலை குறைந்த போனில் அது திணறுகிறது. ரேம் குறைவாக இருந்தால், திறந்து வைத்த பக்கத்தையே பிரவுசர் நினைவிலிருந்து தள்ளிவிடும். திரும்பி வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிரவுசரை மாற்றிப் பார்க்கலாமே? நம் ஊர் ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட் எஞ்சின்தான். பெரிய வித்தியாசம் தெரியாது. ஆண்ட்ராய்டில் தெரியும். குரோமில் டேட்டாவை மிச்சப்படுத்த இருந்த லைட் மோடை கூகுள் 2022-ல் நிறுத்திவிட்டது. ஓபரா மினியோ, பக்கத்தைத் தன் சர்வரிலேயே சுருக்கி அனுப்பும். அப்பா போனில் அதைப் போட்டேன். அம்மா "ஏழு" என்றார். வங்கிக் கணக்கு பார்க்க மட்டும் பழைய பிரவுசரே போதும் என்று அப்பாவிடம் சொல்லிவைத்தேன். தேவையில்லாத ஆப்களையும், குட் மார்னிங் வீடியோக்களையும் அழித்ததில் போன் இன்னும் கொஞ்சம் மூச்சு விட்டது.

"புது போன் வாங்கித் தரேன்ப்பா" என்றதற்கு, "பேசுறதுக்கு இது நல்லாத்தானே இருக்கு" என்று முடித்துவிட்டார்.

அன்று தூக்கம் வரவில்லை. அந்தக் கட்டுரையில் மூன்று வீடியோ, பன்னிரண்டு படம், இரண்டு சமூக வலைதளப் பதிவுகள். அத்தனையையும் சேர்த்தது நான். என் போனில் இரண்டே நொடியில் திறந்ததால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். கருப்பட்டி காய்ச்சுபவர்களைப் பற்றிய கட்டுரை அது. அவர்களில் எத்தனை பேர் கையில் என் போன் இருக்கும்?

இப்போது என் மேஜை டிராயரில் ஒரு பழைய போன் இருக்கிறது. கட்டுரையை வெளியிடுவதற்கு முன் அதில் ஒருமுறை திறந்து பார்ப்பேன். தேவையில்லாத வீடியோ இருந்தால் எடுத்துவிடுவேன். அது திறக்கும் வரை நானும் எண்ணுகிறேன்.

போன வாரம் அப்பா போன் செய்தார். நான் அழைக்கும்வரை காத்திருக்கவில்லை.

"படிச்சேன் பாப்பா. மூணாவது பத்தியில கருப்பட்டிக்கு ஒரு 'ட்' விட்டுட்ட, பாத்தியா?"

அவசரமாகப் போய்ப் பார்த்தேன். விட்டுத்தான் இருந்தேன்.