அஞ்சு நிமிஷம்

எங்கள் ஒபிஸ் வெக்ஸ்போர்ட்டில் இருக்கு. லோரன்ஸ் வீதியில் 54 பஸ்ஸில் இறங்கினால் இரண்டு நிமிஷ நடை. கீழே கடைகள், மேல்மாடியில் நாங்கள் ஒன்பது பேர் கணக்கு வேலை செய்கிறோம். அறுபதுகளில் கட்டின கட்டிடம். போன வருஷம் வரைக்கும் ஒரு சுவிட்சைப் போட்டால் முழு மாடியும் எரியும். கடைசியாகப் போகிறவர் மறந்தால் விடியும்வரை எரியும். ஹைட்ரோ பில் வந்தால் முதலாளியை விட எனக்குத்தான் வயிறு எரியும்.

அதுக்குக் காரணம் இருக்கு. 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் படிச்ச ஆள் நான். மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பற்றரிக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது ஊறுகிற அளவுக்கு மண்ணெண்ணெய், நடுவில் ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் என்னுடைய ஓ.எல். படிப்பு. அண்ணா சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைக் கையால் சுத்த, டைனமோவில் வாற கரண்டில் ரேடியோ செய்தி சொல்லும். அவர் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்திடும். அப்படி வளர்ந்த எங்களுக்கு, ஆளில்லாத அறையில் லைட் எரிகிறதைப் பார்த்துக்கொண்டு இருக்கேலாது.

அதனால் லைட்டை மாத்துகிற கதை வந்தபோது நான்தான் முன்னுக்கு நின்றேன். சுவரை வெட்டி வயர் இழுக்கிறதென்றால், பழைய கட்டிடம், முதலில் அஸ்பெஸ்டஸ் இருக்கா என்று பார்க்க வேணும், வேலை இழுபடும் என்றார் எலெக்ட்ரீஷியன். வயர்லெஸ் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. கூரையில் ஒட்டின சென்சர் ஆள் இருக்கிறதைக் கண்டு ரேடியோ அலையில் சொல்லும். லைட்டோடு இருக்கிற சின்னப் பெட்டி அதைக் கேட்டு எரிக்கும், அணைக்கும்.

என்னை மயக்கினது அந்த சுவிட்ச்தான். வயரும் இல்லை, பற்றரியும் இல்லை. விரலால் அமத்துகிறபோது உள்ளே ஒரு சின்னக் காந்தம் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் அசையும். அதில் பிறக்கிற துளிக் கரண்ட் ஒரு தரம் சிக்னல் அனுப்பப் போதும். 2001-இல் ஜெர்மனியில் சீமென்ஸிலிருந்து பிரிந்த எனோஷன் என்ற நிறுவனம் பரப்பின முறையாம். எனக்கு வேறொன்றும் தோணவில்லை. அண்ணாவின்ர டைனமோ!

எல்லாம் பூட்டி முடிஞ்ச பிறகு எலெக்ட்ரீஷியன் கேட்டார், "ஆள் போய் எத்தனை நிமிஷத்தில் அணைய வேணும்? வழக்கமாக 20 வைக்கிறது." முதலாளி என்னைப் பார்த்தார். நான் யோசிக்காமல் "அஞ்சு" என்றேன்.

இந்த ஏப்ரலில் வரிக் கணக்கு வேலை குவிஞ்சு போய், ஒரு நாள் இரவு ஒன்பதரை வரை இருந்தேன். ஃபைல் அறைப் பக்கம் ஏதோ இடிபடுகிற சத்தம். போய்ப் பார்த்தால் அறை கும்மிருட்டு. நான் காலடி வைக்க லைட் எரிந்தது. இரவில் துப்புரவு வேலைக்கு வாற அக்கா உள் அலுமாரிக்குப் பின்னால் முழங்காலில் இருந்தபடி காலைத் தடவிக்கொண்டிருந்தா. திறந்து கிடந்த லாச்சியில் இடிச்சுப்போட்டா.

"என்னக்கா, இருட்டுக்குள்ள?"

"இது எப்பவும் இப்பிடித்தான் பிள்ளை. குனிஞ்சு துடைக்கிற நேரம் அணைஞ்சிடும். வெளியில வந்து கையை ஆட்டினாத்தான் திரும்ப எரியும். லைட்டுக்கு நான் ஆளாத் தெரியேல்லை போல."

சிரிச்சுக்கொண்டுதான் சொன்னா. காற்சட்டையை உயர்த்திக் காட்டினபோது பழைய கண்டலும் இரண்டு மூன்று கிடந்தது.

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"கொம்பனிக்குச் சொன்னா வயசு போன ஆள், கண் தெரியேல்லை எண்டு நினைப்பினம். பிறகு வேலை?"

அந்த அஞ்சு நிமிஷம் என் வாயால் வந்தது என்று அப்போது அவவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் எடுத்தேன். அந்த சென்சர் பார்க்கிறது உடம்புச் சூட்டின் அசைவைத்தான். நேர்ப்பார்வையில் அலுமாரியோ தடுப்போ நின்றால் அதுக்கு அப்பால் இருக்கிற ஆள் தெரியாது. கை மட்டும் மெல்ல அசைந்தாலும் தவறவிடும். வட அமெரிக்காவில் பின்பற்றுகிற ஆஷ்ரே 90.1 விதியின் 2013 பதிப்பே, ஆள் போய் 20 நிமிஷத்துக்குள் அணைந்தால் காணும் என்றுதான் சொல்லுது. அஞ்சு என்றது என்னுடைய கெட்டித்தனம்.

அப்ப நான் கணக்குப் போட்டேன். ஃபைல் அறையில் 40 வாட் லைட் ஆறு. அதாவது 240 வாட். இன்னும் 15 நிமிஷம் கூட எரிந்தால் 0.06 யூனிட். இரவு விலையில் ஒரு சதம் அளவில். அந்த ஒரு சதத்துக்காக ஒரு மனுசி கால் உடைக்கப் பார்த்தா.

முதலாளி, "பேசாமல் இரவில் எல்லாத்தையும் எரியவிடுவமே" என்றார். அதுவும் சரியில்லை. இரவில் எரிகிற ஒபிஸ் வெளிச்சத்தில் வழிமாறிக் கண்ணாடியில் மோதிச் சாகிற பறவைகளுக்காக ஃபிளாப் என்ற அமைப்பு ரொறன்ரோவில் 1993-இல் இருந்து கத்திக்கொண்டிருக்கு. ஏப்ரல் அவை வடக்கே திரும்புகிற மாதம் வேறு.

அக்காவையே கேட்டேன். முதலில் தயங்கினா. பிறகு ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா. ஃபைல் அறைக்கு 20 வேணும், அலுமாரிக்குப் பின்னால் இன்னொரு சென்சர் வேணும். கழிவறைக்கும் 20. "சாப்பாட்டு அறைக்கும் கூட்டம் நடக்கிற அறைக்கும் அஞ்சு காணும் பிள்ளை. அங்க நான் நிண்டுகொண்டுதானே துடைக்கிறன்." எங்கே வெளிச்சம் வேணும், எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று ஒன்பது பேருக்கும் தெரியாதது அவவுக்குத் தெரிஞ்சிருந்தது.

வயர் இல்லாததன் உண்மையான அருமை எனக்கு அன்றைக்குத்தான் விளங்கினது. சுவரை வெட்டவில்லை, கூரையைத் திறக்கவில்லை. புது சென்சரை ஒட்டிப் போனில் நேரத்தை மாத்தி, அரை மணித்தியாலத்தில் வேலை முடிஞ்சுது. அன்று இரவு காத்திருந்து, அந்த அஞ்சை வைச்சது நான்தான் என்று அக்காவிடம் சொன்னேன். "அதுக்கென்ன பிள்ளை, நாங்கள் குப்பி விளக்கில வளர்ந்த ஆக்கள்தானே" என்று சொல்லிப்போட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனா.

எங்கட சனத்தில் இரவு வேலை செய்கிறவர்கள் இங்கே எத்தனையோ பேர். உங்கள் வேலையிடத்திலும் இப்படி லைட் போட்டால், நேரம் வைக்க முன்னம் ஆறு மணிக்குப் பிறகு அங்கே நிற்கிறவரை ஒருக்கால் கேளுங்கோ.