ஃபரீனாவில் ஒரு மாவுச் சண்டை

மானாவாரிக்காரன் பேரன் நான். மண்ணைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது ஏளனம்தான். இதில் போயா கோதுமை விதைத்தார்கள்!

தெற்கு ஆஸ்திரேலியாவில், மாரீ போகும் வழியில் இடிந்து கிடக்கிறது ஃபரீனா. இன்ன கோட்டுக்கு வடக்கே மழையை நம்பி உழாதீர்கள் என்று நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர் 1865-லேயே வரைந்து காட்டியிருந்தார். அப்புறம் சில வருடம் நல்ல மழை. ஏர் போன இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்று ஜனங்கள் நம்பத் தொடங்கினார்கள். கோட்டுக்கு வெகு வடக்கே இருந்த இந்த இடத்துக்கு 1878-ல், லத்தீனில் மாவு என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். 1882-ல் ரயில் வந்தது. மழை வரவில்லை.

இன்று அங்கே மாவு வேகிறது என்றால், குளிர்காலத்தில் தன்னார்வலர்கள் வந்து மூட்டும் பழைய நிலவறை அடுப்பில்தான். விறகுச் சூட்டில் அடிப்பக்கம் லேசாகக் கருகிய ரொட்டி, நின்றபடியே தின்றேன். ஏளனம் கொஞ்சம் இறங்கியது.

கல்லறைத் தோட்டம் ஊரை விட்டுத் தள்ளி, வெறும் சரளைக்காட்டில். ஒரு பளிங்குக் கல்லில் எழுத்து மங்கியிருந்தது. படம் எடுக்க வந்த ஒருவர் பையிலிருந்து கோதுமை மாவை அள்ளித் தேய்க்கப் போனார். ஈ வலை போட்ட தொப்பியோடு ஒரு மூதாட்டி பாய்ந்து வந்தார்.

“கையை எடுங்க! மாவு கல்லுக்குள்ளே இறங்கினா பூசணம் பிடிக்கும்.”

“மழையே பெய்யாத ஊரில் பூசணமா?”

மனசுக்குள் நான் மாவுக்காரர் கட்சி. எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் அதிட்டானக் கல்வெட்டைப் படிக்க மாவு தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது கருங்கல். பளிங்கு அப்படி இல்லை, ஈரத்தை உறிஞ்சும்.

மூதாட்டி மேற்கொண்டு வாதாடவில்லை. காரிலிருந்து ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கி வந்து, கல்லுக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்று வெயிலைத் திருப்பினார். வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு சாய்வாக ஓடியதும், வெட்டிய பள்ளங்களில் நிழல் நிரம்பி எழுத்து ஒவ்வொன்றாக எழுந்தது. மாவுக்காரர் படம் எடுத்துக்கொண்டார், நன்றி சொல்லாமல்.

சற்றுத் தள்ளி முஸ்லிம்களின் கபர்கள். ரயில் எட்டாத ஊர்களுக்கெல்லாம் ஒட்டகத்தில் சரக்கு கொண்டுபோனவர்கள். பெஷாவர், பலுசிஸ்தான், பஞ்சாப் என்று எங்கிருந்து வந்திருந்தாலும் வெள்ளைக்காரர்களுக்கு எல்லாரும் ஆப்கானியர்தான். நான் நின்ற இடத்தில் எழுத்தே இல்லை, மண்ணில் அடுக்கிய கற்கள் மட்டும். கண்ணாடிக்கு அங்கே வேலையில்லை. மூதாட்டி ஒரு திசைகாட்டியைக் கற்களோரம் வைத்துப் படம் எடுத்தார். முகம் மெக்கா பக்கம் இருக்கும்படி அடக்கம் செய்திருப்பார்கள், கற்கள் கலைந்து போனாலும் எப்படிக் கிடந்தன என்பது படத்தில் இருக்கட்டும் என்றார்.

“உங்க ஊர்க்காரங்களா?”

பல பேர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், நான் அதன் தென்கோடி என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டார்.

“சரி, இந்தக் கண்ணாடியை ஒரு கை பிடிங்க. இன்னும் நாலு கல் பாக்கி இருக்கு.”