அப்பாவின் சார்ஜரும் எங்கட பற்றரியும்

அன்றைக்கு ஒட்டாவாவில் மைனஸ் 18. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தபோது, ட்ரைவ்வேயில் நின்ற எங்கட ட்ரெய்லருக்குள் ஒரு வயர் போயிருந்தது. கதவைத் திறந்து பார்த்தேன். அப்பாவின் பழைய கார் சார்ஜர், நான் கோடையில் வாங்கிப் பூட்டிய லித்தியம் பற்றரியில் கொழுவி இருந்தது.

“குளிருக்குச் செத்துப்போயிடும் தம்பி, அதுதான் காலமை கொழுவி விட்டனான்” என்றார் அப்பா.

நான் ஆங்கிலத்தில் கத்திவிட்டேன். ஏழு வயது மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

அப்பா செய்தது பிழையே இல்லை, பழைய ஈயப் பற்றரியாக இருந்திருந்தால். அது சார்ஜ் இறங்கினால் உறைந்து வெடிக்கும். குளிர்காலம் முழுக்க நிறைத்து வைக்கவேண்டும். லித்தியம் அயன் பொஸ்பேற் அப்படி இல்லை. மைனஸ் 20 வரைக்கும் அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது. நல்ல பற்றரிகள் குளிரில் சார்ஜைத் தாமே நிறுத்தும். நான் மலிவாய் வாங்கியதில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இரவு அப்பா கேட்டார், “ஏன் ஏத்தக் கூடாது?”

மென்பொருளில் மாஸ்டர்ஸ் படித்தவன் நான். என்றாலும் அந்தக் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெல்ல மெல்லச் சொன்னேன். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் காபன் தட்டுக்குள்ளே போய் இருக்கவேணும். குளிரில் உள்ளே போக நேரம் எடுக்கும். பின்னால் வாறது தள்ள, வெளியிலேயே உலோகமாய்ப் படிஞ்சுவிடும். படிஞ்சதில் ஒரு பகுதி திரும்பி வராது.

“நல்லூர்த் தேருக்கு வாற சனம், வாசல் ஒடுக்கமெண்டு வெளியிலேயே நெரிபட்டு நிக்கிற மாதிரியோ?”

“ஓம் அப்பா, அதேதான்.”

பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, டைனமோவைச் சுத்தி ரேடியோவில் செய்தி கேட்டார்களாம். “ஒரு பற்றரி பழுதாப் போறதைப் பாத்துக்கொண்டு இருக்க எனக்கு ஏலாது.” அவர் ஏன் அந்தக் குளிரில் வெளியே போனார் என்று அப்போதுதான் விளங்கியது. மன்னிப்புக் கேட்டேன், தமிழில்.

வசந்தத்தில் சோதித்தபோது 100 ஆம்பியர்மணிப் பற்றரி 80 கூடக் கொடுக்கவில்லை. மாற்றவேண்டி வந்தது.

இப்போது ஒவ்வொரு கார்த்திகையும் மூன்று பேருமாய்ச் செய்கிறோம். பற்றரியை ஏறக்குறைய பாதி சார்ஜில் விடுவோம். வோல்ற் மீற்றரை நம்புவதில்லை. 40 வீதத்திலும் 70 வீதத்திலும் அது கிட்டத்தட்ட 13.2 தான் காட்டும். போகும் வரும் மின்சாரத்தை எண்ணுகிற மொனிற்றர் பூட்டியிருக்கிறேன். பிறகு முதலில் மைனஸ் வயர், அடுத்து பிளஸ் வயர் கழற்றி, பற்றரியை பேஸ்மென்ற்றுக்குக் கொண்டுபோவோம். வெளியே விட்டாலும் வயரைக் கழற்றவேணும். காஸ் கசிவு காட்டுகிற கருவி ஒன்றே மாதக்கணக்கில் சார்ஜை உறிஞ்சிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருக்கா அப்பா பார்ப்பார். அது அவருடைய பொறுப்பு.

சார்ஜரில் ஒட்ட மகள் தமிழில் எழுதினாள்: “பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யாதே.”

அப்பா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். “அப்பப்பாவுக்கு எழுதிறதெண்டால் ‘செய்யாதேங்கோ’ எண்டு எழுதவேணும், பிள்ளை.”

அவள் ‘ங்கோ’வைப் பக்கத்தில் நெருக்கி எழுதினாள். அந்தத் துண்டு இன்னும் சார்ஜரில் ஒட்டியிருக்கிறது.