விழுந்த இடம்

வேட்டைக் கதை என்றதும் துவக்கின் முழக்கத்தையும் குறி தவறாத கையையுமே வாசகர் எதிர்பார்ப்பர். யாம் எழுத எண்ணியது அதன் பின்னர் நிகழ்வதைப் பற்றி. சுடப்பட்ட தாரா நீரில் விழுந்த பிறகு அதனைத் தேடி எடுத்துக் கரைசேர்ப்பதே அவ்வேட்டையிற் பெரும்பகுதி. சுடுதல் ஒரு கணம். எடுத்தல் சில வேளை ஒரு மாலைப்பொழுது முழுவதையும் கொண்டுவிடும்.

மச்சம் மாமிசம் அடுப்பேறாத வீட்டிற் பிறந்த எமக்கு இதில் என்ன பழக்கம் என வினவலாம். எமது பெரியம்மா வன்னியில் வாழ்க்கைப்பட்டவர். மல்லாவிப் பக்கத்திலே, காடு சூழ்ந்த ஒரு சிறு குளத்தின் கீழ்ப் பெரியப்பாவுக்கு வயல் இருந்தது. 1984 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறைக்கு, எட்டு வயது நிரம்பியிருந்த எம்மை அங்கே அனுப்பிவைத்தார்கள். புறப்படும்போது அம்மா சொன்ன புத்திமதிகளுள் முதன்மையானது, "அங்கை அவை காய்ச்சிறதைத் தின்னப்படாது" என்பது. அதனை வழுவாது காத்தோம் என்று இங்கே எழுதினால், இன்றும் எம்மோடிருக்கும் பெரியம்மா சிரித்துவிடுவார்.

அக்குளத்திலே காட்டுத்தாராக்கள் கூட்டங்கூட்டமாய் இருந்தன. செம்பழுப்பு உடல், பறக்கும்போது சீழ்க்கை அடிப்பது போன்ற குரல். பகலெல்லாம் தாமரை இலைகளுக்கிடையே ஓய்ந்திருந்துவிட்டுப் பொழுதுபட எழுந்து வயல்களை நாடிப் போகும். பெரியப்பா கரையோரப் புதரடியிற் குந்தியிருந்து, அவை எழும் அந்த நேரத்திலேதான் சுடுவார். வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் துவக்கைத் தொடமாட்டார். இரண்டு பறவைக்கு மேல் வீழ்த்தவும் மாட்டார். தோட்டாவின் விலையும் இதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் எடுக்க இயலாத இடத்தில் விழக்கூடிய பறவையைச் சுடுவதில்லை என்ற பிடிவாதத்துக்கு விலை காரணமன்று. தலைக்கு நேரே எவ்வளவு வாய்ப்பாகப் பறந்தாலும், அது விழுமிடம் ஆழ்நீராகத் தோன்றினால் துவக்கைத் தாழ்த்திவிடுவார்.

விழுந்ததை எடுப்பதற்கு அவர் வைத்திருந்த முறைகள் பல. செத்த பறவை மிதக்கும். காற்று அதனை மெல்லத் தள்ளிக்கொண்டு போகும். ஆகவே காற்று எப்பக்கம் வீசுகிறதென்று முதலிற் பார்க்கவேண்டும். காயப்பட்டதோ அப்படியன்று. அது மூழ்கும். மூழ்கி இலைகளுக்கடியிற் போய், அலகின் நுனியை மாத்திரம் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு அசையாமற் கிடக்கும். ஒரு முழத் தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனைத் தேடுபவன் கரையிலிருந்து நேரே போகக்கூடாது; ஆழப்பக்கமாகச் சுற்றிச் சென்று கரையை நோக்கி ஒதுக்கிவர வேண்டும். காலைத் தூக்கி வைக்காமல் அடிநிலத்தோடு இழுத்து நடக்கவேண்டும். தாமரைத் தண்டின் முள்ளும், நீருள் மறைந்து கிடக்கும் பழைய மரக்கட்டைகளும் அங்கே ஏராளம். முதலையும் உண்டு. அதனாலேயே வீட்டு நாயை அவர் நீரில் இறக்குவதில்லை. முதலையைப் பற்றி அதிகம் பேசவுமாட்டார். இறங்கு முன் நெடுநேரம் நீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவே.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியது விழுந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுதல். இடுப்பளவு நீரில் இறங்கியவனுக்குக் கரையிலிருந்து கண்ட குளம் தெரிவதில்லை. இலையெல்லாம் ஒன்றாகி மறைத்துவிடும். எனவே ஒருவன் குளக்கட்டின் மேல் நின்று, விழுந்த இடத்துக்கு நேர் பின்னே அக்கரையிலுள்ள ஒரு மரத்தை அடையாளம் வைத்து, கண்ணை எடாமற் கையால் வழிகாட்டவேண்டும். அந்த விடுமுறையில் அப்பணி எமக்குக் கிடைத்தது. "கண்ணை எடுக்கப்படாது தம்பி. நான் வந்து உன்ரை தோளிலை தட்டுமட்டும் எடுக்கப்படாது" என்பார். எட்டு வயதில் அத்தகைய பெருமை எமக்கு வேறெதிலும் வாய்த்ததில்லை.

விடுமுறையின் கடைசி வாரத்து மாலையொன்றில் இரு வெடிகள் அடுத்தடுத்துக் கேட்டன. முதற்பறவை அருகிலேயே மல்லாந்து விழுந்தது. அதனை யாம் சரியாகக் குறித்தோம். இரண்டாவது வெடிக்குக் கூட்டம் முழுவதும் சீழ்க்கையடித்துக்கொண்டு எம் தலைக்கு மேலாகத் திரும்பியது. நூற்றுக்கணக்கான சிறகுகள், செக்கர் வானம். அண்ணாந்து பார்த்துவிட்டோம். நீரில் எதுவோ விழும் ஓசை காதில் விழுந்தது. கண் அதனைக் காணவில்லை.

"மற்றது எவடத்திலை தம்பி?" என்றார் பெரியப்பா. புதரடியிலிருந்த அவருக்கு இலைகளே தெரிந்தன.

"அந்தா, பட்ட பாலைக்கு நேரை" என்று எம் கை தானாகவே நீண்டது.

அவர் ஐயப்படவேயில்லை. ஆழப்பக்கமாகச் சுற்றிச் சென்று, நாம் காட்டிய இடத்தைத் துழாவினார். ஒவ்வோர் இலையாகத் தூக்கிப் பார்த்தார். "இன்னும் வலப்பக்கமோ?" என்று கேட்டார். "ஓம், கொஞ்சம் வலப்பக்கம்" என்றோம். முதற் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது தேவைப்பட்டது. இருள் கவிந்தது. "காணும், வாருங்கோ பெரியப்பா" என்று கூப்பிட்டோம். "காயப்பட்டதை விட்டிட்டுப் போகேலாது" என்ற மறுமொழி இருளிலிருந்து வந்தது. பிறகு ஒரு முனகல். நீருக்கடியிற் கிடந்த கட்டையின் கூர் உள்ளங்காலிற் பாய்ந்துவிட்டது.

வெந்நீரும் மஞ்சளுமாகப் பெரியம்மா காயத்தைக் கழுவினார். முணுமுணுத்த அவரிடம், "பிள்ளை சரியாய்த்தான் காட்டினவன். அது நீந்திப் போட்டுதுபோலை" என்றார் பெரியப்பா. மறுநாட் காய்ச்சல் கண்டது. உழவியந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டுவந்தார்கள்.

மூன்றாம் நாட் காலை, பெரியப்பாவின் மூத்த மகனாகிய அண்ணாவும் யாமும் குளத்துக்குப் போனோம். பட்ட பாலைக்கு நேர்மாறான பக்கத்திலே, துருசடியில், பாசிக்குள்ளே அந்தத் தாரா கிடந்தது. உயிரோடிருந்தது. ஒரு சிறகு நீரில் இழுபட்டது. எம்மைக் கண்டதும் மூழ்கப் பார்த்தது, மூழ்கவும் பலமில்லை. அண்ணா கையாலேயே எடுத்துவந்தார்.

பெரியப்பா பாயிற் சாய்ந்தபடியே அதனை வாங்கி, ஒரே அசைவில் அதன் துன்பத்தை முடித்தார். பிறகு, "துருசடியிலையோ?" என்று கேட்டார். அண்ணா "ஓம்" என்றார். பெரியப்பா எம்மை ஒருமுறை பார்த்தார். "அப்ப, அது நல்லாய் நீந்தியிருக்கு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று யாம் அக்கறியைத் தொடவில்லை. அம்மாவின் புத்திமதி எமக்கு நினைவு வந்துவிட்டதென்று பெரியம்மா மகிழ்ந்தார்.

பட்டதாரியான பின்னர் ஒரு நூலகத்திலே, மேனாட்டில் இப்பணிக்கென வளர்க்கப்படும் நாய்களைப் பற்றிப் படித்தோம். லபிறடோர் இனத்தின் முன்னோர் நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவரோடு வலையிழுத்தவை. ஆங்கிலப் பிரபுக்கள் அவற்றை வேட்டைக்குப் பழக்க, 1903 இல் இங்கிலாந்தின் நாய் வளர்ப்போர் கழகம் அவற்றைத் தனியினமாக ஏற்றது. நீர் ஒட்டாத எண்ணெய்ப் பசையுள்ள மயிர், துடுப்புப் போன்ற வால், பறவையை நசுக்காமற் கவ்வும் மென்மையான வாய் என்று அவற்றின் சிறப்புகள் பல. ஆயினும் பயிற்றுவோர் பெரிதும் போற்றுவது, வேட்டைக்காரனின் அருகில் அசையாது அமர்ந்து, விழும் ஒவ்வொரு பறவையையும் கண்ணாற் குறித்து நினைவில் வைத்திருக்கும் ஆற்றலையே. நாய் காணாது விட்டால் அது திகைத்து நிற்கும். எசமானன் சீழ்க்கையாலும் கைச்சைகையாலும் வழிகாட்டுவான். திகைத்து நிற்க அதற்குத் தெரிகிறது என்பதை அன்று இருமுறை படித்தோம். வகுப்பிலே விடை தெரியாத மாணவன் உறுதியாகக் கையை உயர்த்தும்போது எமக்கு ஏனோ கோபம் வருவதில்லை.

அடுத்த ஆண்டே துவக்கு பெரியப்பாவின் கையை விட்டுப் போயிற்று. அது வேறு கதை. பின்னர் வயலும் வீடும் போய், இடம்பெயர்ந்த ஊரொன்றில் 2001 இல் அவர் காலமானார். இடையே எத்தனையோ முறை சந்தித்தோம். உள்ளங்காலிலிருந்த தழும்பைக் காணும்போதெல்லாம் சொல்லிவிட எண்ணினோம். சொல்லவில்லை.

சென்ற மாசியில் அண்ணாவோடு அக்குளத்துக்குப் போயிருந்தோம். பட்ட பாலை இல்லை. துருசைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பொழுதுபடத் தாராக்கள் சீழ்க்கையடித்துக்கொண்டு எழுந்தன, சுடுவார் இல்லை. பேச்சு அந்த மாலைக்குத் திரும்பிற்று. அண்ணா நீரைப் பார்த்துக்கொண்டே, "அண்டைக்கு அது உண்மையிலை எவடத்திலை விழுந்தது?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதண்ணா. நான் பார்க்கேல்லை" என்றோம்.